எதிரெதிர் மனிதர்களின் நட்பைச் சொல்லும் நகைச்சுவைப் படங்களில் உங்களைக் கவர்ந்தது எது?

2011இல் வெளிவந்த 'தி இன்டச்சபிள்ஸ்' என்ற பிரெஞ்சுப் படத்தையே சொல்வேன். நம்மில் பலர் இதை நாகார்ஜுனாவும் கார்த்தியும் நடித்த 'தோழா'வாக (2016) பார்த்திருப்போம்.

பாராகிளைடிங் விபத்தில் கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் செயலிழந்த பெரும் செல்வந்தர் பிலிப். அவரைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கான நேர்காணலுக்கு வரும் த்ரிஸ், சிறையிலிருந்து அண்மையில் வெளிவந்தவன். அவனுக்கு அந்த வேலையே வேண்டாம். வேலை தேடியும் கிடைக்கவில்லை என்று காட்டி அரசின் உதவித்தொகையைப் பெற ஒரு கையெழுத்து இருந்தால் போதும். கையசைக்க முடியாதவரிடமே கையெழுத்துக் கேட்டு வந்து நிற்கிறான் என்பதில் படத்தின் நகைச்சுவை தொடங்கிவிடுகிறது.

பிலிப்போ அவனையே வேலைக்கு வைத்துக்கொள்கிறார். இப்படிப்பட்டவனை நம்பி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, அவனுக்கு இரக்கமே கிடையாதே என்று நண்பர் எச்சரிக்கும்போது, தனக்கு வேண்டியதும் அந்த இரக்கமின்மைதான் என்கிறார் பிலிப். தொலைபேசி ஒலித்தால் த்ரிஸ் அதை எடுத்து அவரிடமே நீட்டிவிடுவான். அவரால் வாங்க முடியாது என்பது அவனுக்கு மறந்துபோகும். படத்தின் உயிர் இந்த மறதியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். நோயாளியாகவே பார்க்கப்பட்டுச் சலித்துப்போன ஒருவரை, கேலி செய்யத்தக்க சக மனிதராக முதன்முதலில் நடத்துபவன் அவன்.

மனமாற்றத்தையும் படம் வசனமாகச் சொல்வதில்லை. காலுறை மாட்டிவிடக்கூட முகம் சுளித்து மறுத்தவன், பின்னர் பிலிப் இரவில் மூச்சுத் திணறும்போது தானாகவே அவரைப் பாரிஸ் தெருக்களின் காற்றுக்கு அழைத்துச் செல்கிறான். கடிதத்திலேயே காதலித்து, நேரில் சந்திக்க அஞ்சிக்கொண்டிருந்த பிலிப்பும் மெல்ல மெல்லத் துணிகிறார்.

குறையும் உண்டு. வெள்ளைச் செல்வந்தருக்கு வாழக் கற்றுத்தரும் கறுப்பின ஏழை என்ற பழகிய வார்ப்பு இதிலும் இருக்கிறது. படத்துக்கு அடிப்படையான உண்மைக் கதையில் த்ரிஸின் இடத்தில் இருந்த அப்தெல் செலூ அல்ஜீரிய வம்சாவளியினர் என்பதால், அவரைச் செனகல் வம்சாவளி இளைஞனாக மாற்றியது இயக்குநர்களின் தேர்வே. அந்த வார்ப்புக்குள் பாத்திரம் அடங்கிவிடாமல் காப்பாற்றியவர் த்ரிஸாக நடித்த ஒமர் சி. சிறந்த நடிகருக்கான செசார் என்ற பிரெஞ்சுத் திரைப்பட விருதை 2012இல் அவருக்குக் கொடுத்தது மிகவும் பொருத்தம்.