ஏழாம் மாதத்தில், மழைக்காலத்தில், மனைவியைப் பாறசாலைக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வியின் சுருக்கம் இது: கணவருக்கு மதுரையில் வேலை. மனைவிக்கு இப்போது ஐந்தாம் மாதம். தாய்வீடு கேரள எல்லையில் உள்ள பாறசாலையில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி. ஜூன் கடைசியில் வளைகாப்பு முடிந்ததும் பிரசவம் வரை மகள் அங்கேயே இருக்கட்டும் என்கிறார் மாமியார். "கேரளாவில் ஜிகா, டெங்கு எல்லாம் இருக்கிறது, இந்த நேரத்தில் போகாதே" என்று மதுரை உறவினர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது?

போகலாம், தம்பி. நான் களியக்காவிளையில் வளர்ந்தவள். எல்லைப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் பிரசவ வார்டு செவிலியராக இருக்கிறேன். இரத்தப்போக்கு, அதிக இரத்த அழுத்தம் மாதிரி சிக்கல் எதுவும் இல்லை, பார்க்கும் மருத்துவரும் சரி என்கிறார் என்றால் ஏழாம் மாதப் பயணத்துக்குத் தடை இல்லை. நீங்கள் கவலைப்பட வேண்டியது அவர் போய்ச் சேரும் வீட்டின் பின்கட்டைப் பற்றி. டெங்கு, ஜிகா, சிக்குன்குனியா மூன்றையும் பரப்பும் ஏடிஸ் கொசு தொலைதூரம் பறப்பதில்லை. பிறந்த இடத்தைச் சுற்றி நூறு, இருநூறு மீட்டருக்குள்தான் பெரும்பாலும் அதன் வாழ்க்கை முடிந்துவிடும்.

உறவினர்கள் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. 2021 ஜூலையில் கேரளாவில் முதன்முதலாக ஜிகா உறுதியானது பாறசாலையைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிக்குத்தான். வயது 24. காய்ச்சல், தலைவலி, உடம்பில் சிவப்புத் தடிப்பு என்று வந்தவர். அவர் வெளிமாநிலம் எங்கும் போகவில்லை. குழந்தை நலமாகப் பிறந்தது. அடுத்த வாரங்களில் திருவனந்தபுரத்தில் இன்னும் பலருக்கு உறுதியானது, அவர்களில் மருத்துவமனை ஊழியர்களும் உண்டு. அப்போது எங்கள் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் கண்காணிப்பைக் கூட்டினார்கள். ஆனால் அதற்கு நான்கு வருடம் முன்பே, 2017-ல், தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்கு ஜிகா கண்டறியப்பட்டிருக்கிறது. டெங்கு மதுரையிலும் வருடாவருடம் வருகிறது. அதனால் எந்த மாநிலம் என்று பார்த்துப் பயப்படுவதில் பயனில்லை.

ஜிகா கர்ப்பிணிக்குப் பெரிய தொந்தரவு தராமலே போய்விடலாம். பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே தெரியாது. அது பாதிப்பது வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சியை. தொற்று வந்த தாய்மார்களின் குழந்தைகளில் 100-க்கு 5 முதல் 15 பேருக்கு ஏதாவது ஒரு பாதிப்பு தெரிகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. முதல் மூன்று மாதத்தில் ஆபத்து மிக அதிகம், பிறகு குறையும், முழுவதும் மறையாது. உங்கள் மனைவிக்கு இரண்டாம் மாதமாக இருந்து, அந்த ஊரில் ஜிகா பரவிக்கொண்டும் இருந்தால், வளைகாப்பைத் தள்ளி வையுங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். கிளம்பும் வாரத்தில் அந்த ஊரில் வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரான ஆஷாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தத் தெருவில் காய்ச்சல் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

மழைக்காலத்தில் நான் அதிகம் பயப்படுவது டெங்குவுக்கு. கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் குறைமாதப் பிரசவம் ஆகலாம். பிரசவ நேரத்தில் இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தால் இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். கடைசி நாட்களில் வந்தால் குழந்தைக்கும் தொற்றலாம். எங்கள் பக்கத்தில் "மழைக்காய்ச்சல்தானே" என்று இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்துவிட்டு, காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடுவார்கள். டெங்குவில் ஆபத்து தொடங்குவதே பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, இரத்தம் கெட்டிப்படும். கர்ப்ப காலத்தில் இரத்தம் இயல்பாகவே நீர்த்திருப்பதால் அந்த மாற்றம் பரிசோதனையில் சட்டென்று தெரியாமல் போகலாம். எனவே கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகு விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவானாலும் கிளம்பிவிட வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். புரூஃபன் வகை வலி மாத்திரைகள் வேண்டாம். இரத்த அழுத்தம் ஏறாமல் இருக்க இப்போது நிறையக் கர்ப்பிணிகளுக்கு எகோஸ்பிரின் எழுதித் தருகிறார்கள். அது ஆஸ்பிரின்தான். உங்கள் மனைவி அதைச் சாப்பிடுகிறார் என்றால், காய்ச்சல் வந்த அன்றே மருத்துவரிடம் சொல்லி, தொடர்வதா நிறுத்துவதா என்று கேளுங்கள். நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் அன்போடு வீடு தேடி வரும். கர்ப்பிணிக்கு இரண்டும் வேண்டாம்.

சரி, பின்கட்டுக்கு வருகிறேன். ரப்பர் தோட்டம் என்கிறீர்களே, அதை நான் தனியாகக் கவனிக்கிறேன். மழையில் பால்வெட்டு நின்றுவிட்டால், ரப்பர் பால் பிடிக்க மரத்தில் கட்டிய சிரட்டைகளில் எல்லாம் தண்ணீர் நிற்கும். தோட்டத்துக் கொசு, அதாவது ஏடிஸ் இனத்தின் இன்னொரு வகை, அதில்தான் கூட்டம் கூட்டமாகப் பெருகும். வெட்டு இல்லாத நாட்களில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கும்படி தோட்டக்காரரிடம் மாமனாரே நேரில் பேசினால் நல்லது. மரத்தில் கட்டும் மழைத் தடுப்பு பிளாஸ்டிக்கின் மடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். விழுந்து கிடக்கும் கமுகம்பாளை, கிணற்றடி வாளி, மூடி சரியில்லாத சின்டெக்ஸ் டேங்க், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, பழைய டயர், இதெல்லாம் அடுத்த சுற்று.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலேயே பல மாதம் உயிரோடு இருக்கும். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை பெய்து தண்ணீர் ஏறியதும் போன வருட முட்டைகூடப் பொரிந்துவிடலாம். தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை செய்தால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். கேரளாவில் ஞாயிற்றுக்கிழமை வீடுகளில் 'டிரை டே' என்று வைத்திருப்பது இதற்காகத்தான். மே மாதத்திலேயே மாமியார் வீட்டில் தொடங்கச் சொல்லுங்கள்.

ஏடிஸ் பகலில் கடிக்கும், காலையிலும் சாயங்காலத்துக்கு முன்பும் அதிகமாக. இரவில் மட்டும் வலை கட்டுவதால் இந்தக் கொசுவிடமிருந்து பாதி பாதுகாப்புகூடக் கிடைக்காது. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும்போதும் அவர் வலைக்குள் படுக்க வேண்டும். இதை நான் ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் சொல்வேன். முழுக்கை, கணுக்கால் வரை மூடும் பருத்தி உடை போதும். டீட் அல்லது பிகாரிடின் உள்ள கொசுவிரட்டிக் களிம்பைக் கர்ப்ப காலத்தில் பூசலாம், பொட்டலத்தில் சொன்னபடி, திறந்திருக்கும் தோலில் மட்டும். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்த வேண்டாம், அந்தப் புகை அவருக்கும் நல்லதில்லை. காம்பியா நாட்டில் நடந்த ஓர் ஆய்வில், மலேரியா கொசுக்கள் மற்ற பெண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கர்ப்பிணிகளைத் தேடி வந்தன. மூச்சும் உடல் சூடும் கூடுவதைக் காரணமாகச் சொன்னார்கள். "என்னை மட்டும் கடிக்கிறது" என்று உங்கள் மனைவி சொன்னால் நம்புங்கள்.

உங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. ஜிகா உடலுறவு மூலமும் பரவும். கணவனுக்கு அறிகுறி இல்லாமலே இருக்கலாம். ஜிகா பரவும் ஊரில் நீங்கள் தங்கியிருந்தாலோ வேலையாகப் போய் வந்தாலோ, பிரசவம் வரை ஆணுறை பயன்படுத்துங்கள், அல்லது விலகி இருங்கள். இதை வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். களிம்பை நீங்களும் பூசிக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு ரயில் வசதி, எழுந்து நடக்கலாம். குழித்துறையிலோ நெய்யாற்றின்கரையிலோ இறங்கிக்கொள்ளலாம். கார் என்றால் சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டி வயிற்றுக்கு அடியில் போகட்டும். ஒரு மணி, ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி நடக்க வையுங்கள், தண்ணீரைக் குறைக்க வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் மதுரையிலேயே ஒரு இரத்தப் பரிசோதனை எடுத்து, ஹீமோகுளோபின், தட்டணுக்கள், பிசிவி (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) மூன்றும் எழுதிய தாளை ஃபைலில் வையுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு அது பெரிய உதவி. ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கையும் இரத்த வகையும் அதோடு இருக்கட்டும். நீங்கள் மதுரை திரும்பிய இரண்டு வாரத்துக்குள் உங்களுக்குக் காய்ச்சலோ தடிப்போ கண் சிவப்போ வந்தால், பாறசாலையில் இருந்தேன், மனைவி கர்ப்பமாக இருக்கிறார் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஜிகாவா டெங்குவா என்று எதிர்ப்புப் புரதப் பரிசோதனையில் குழப்பம் வரும், முதல் சில நாட்களுக்குள் இரத்தத்திலும் சிறுநீரிலும் பிசிஆர் எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும்.