4 ஜிபி ராமுக்கு எந்த டெஸ்க்டாப்?

வணக்கம். 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க், உபுண்டுவில் அதன் வழக்கமான டெஸ்க்டாப்பான (திரைச் சூழல்) க்னோம் திணறுகிறது, வேறு லினக்ஸ் போட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இருக்கும் உபுண்டுவிலேயே எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பை, அதாவது எக்ஸ்எஃப்சிஇ4 (xfce4) தொகுப்பை, நிறுவுங்கள். லாகின் திரை எது என்று நடுவில் கேட்டால் இப்போது இருக்கும் ஜிடிஎம்3-ஐயே (gdm3) வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் லாக் அவுட் செய்து, உங்கள் பெயரைச் சொடுக்கியதும் கீழே தெரியும் பற்சக்கரத்தில் எக்ஸ்எஃப்சிஇ அமர்வைத் தேர்ந்தெடுங்கள். கோப்புகள் அப்படியே இருக்கும். பிடிக்காவிட்டால் அதே இடத்தில் க்னோமுக்குத் திரும்பலாம்.

இன்னும் இழுத்தால், எக்ஸ்எஃப்சிஇ அமைப்புகளில் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸுக்குப் போய், சாளரங்களுக்கு அலங்காரம் சேர்க்கும் கம்பாசிட்டரை அணைத்துப் பாருங்கள். நிழல், ஒளிபுகும் தன்மை போய்விடும்; பழைய கிராஃபிக்ஸுக்கு அது நல்லதே.

ஆனால் டெஸ்க்டாப்பை மாற்றினால் மிச்சமாவது சில நூறு எம்பிதான். பிரவுசரில் நிறைய டேப் திறந்தால் அதுவும் போய்விடும். செலவு செய்ய முடியுமென்றால் முதலில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். க்னோமே ஓரளவு ஓடும்!

கேடிஇ பிளாஸ்மா என்ற இன்னொரு டெஸ்க்டாப்பும் இப்போது அவ்வளவு கனமில்லை. பிக்சல் அடர்த்தி வேறுபட்ட இரண்டு மானிட்டர் வைத்திருந்தால் எக்ஸ்எஃப்சிஇயைவிட அதையே சொல்வேன். உங்களிடம் இருப்பது ஒரே திரை என்பதால் எக்ஸ்எஃப்சிஇ போதும்.