ட்ருபல் மட்டும் மெதுவாகத் தெரிவது ஏன்?

இணையதளங்களை உருவாக்கி நிர்வகிக்கும் மென்பொருளான ட்ருபலை நிர்வாகியாக உள்நுழைந்தபடி அளந்தால், அது மெதுவாகத்தான் தெரியும். புதுச்சேரியில் நடக்கும் சந்திப்புக் கூட்டத்தில், அதே வகை மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸோடு ஒப்பிட்டுக் காட்ட நீங்கள் வைத்திருக்கும் தமிழ், பிரெஞ்சு மொழி விடுதித் தளத்தில் நடப்பதும் அநேகமாக இதுதான். ட்ருபலின் முழுப்பக்கக் கேச் (ஒருமுறை உருவான பக்கத்தைச் சேமித்துவைத்து அப்படியே தரும் வசதி) உள்நுழையாத பார்வையாளருக்கு மட்டுமே.

மறைநிலைச் சாளரத்தில் ஒரே பக்கத்தை இருமுறை திறந்து, பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் 'எக்ஸ்-ட்ருபல்-கேச்' வரியைப் பாருங்கள். முதலில் 'மிஸ்' (சேமித்த நகல் இல்லை), அடுத்து 'ஹிட்' (நகலிலிருந்து வந்தது) என்று வந்தால் கேச் வேலை செய்கிறது, சந்தேகம் தீர்ந்தது.

ஆனால் அந்த வேகத்தை அப்படியே மேடையில் காட்டாதீர்கள்; வேர்ட்பிரஸ்ஸுக்கு அது அநியாயம். அதில் பக்கக் கேச் உடன் வருவதில்லை, அதற்கான பிளக்இன் (கூடுதல் நிரல்) போட்டு அளந்தால்தான் நேர்மை.

என்னைக் கேட்டால், வேகத்தைவிட மொழியைப் பற்றிப் பேசுங்கள். 2015இல் வந்த ட்ருபல் 8 முதல் பன்மொழி வசதி கூடவே வருகிறது, இயக்கினால் போதும். வேர்ட்பிரஸ்ஸில் அதற்கும் பாலிலாங் போன்ற பிளக்இன் வேண்டும்.