ஏழு மாதம்… படுத்தாலே நெஞ்சு கரிக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 26 வயது. முதல் கர்ப்பம், ஏழு மாதம் முடியப்போகிறது. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். ராத்திரி படுத்தால் போதும், நெஞ்சு கரிக்கிறது. தொண்டை வரை புளிப்பாக எதுக்களித்து வருகிறது. பாட்டி, “பிள்ளைக்கு முடி முளைக்குது, அதான் கரிக்குது” என்கிறார். அம்மாவுக்கும் தினமும் வயிறு உப்புசம். அவர் ஓமத் தண்ணீரும், எலுமிச்சைச் சாற்றில் ஆப்ப சோடா போட்டும் குடிப்பார். எனக்கும் அதையே கொடுக்கிறார். அதிமதுரம் சேர்த்த நாட்டு மருந்துப் பொடி ஒன்றும் வீட்டில் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குமட்டலும் கரிப்பும் அதிகமாவதால் ஒரு வாரமாக நிறுத்திவிட்டேன். வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மற்ற எதற்கும் முன்னால் ஒன்று. இரும்புச்சத்து மாத்திரையை இன்றைக்கே மறுபடி ஆரம்பியுங்கள். பிரசவத்தில் போகும் ரத்தத்தைத் தாங்கிக்கொள்ள உங்கள் உடம்பு தயாராகும் மாதங்கள் இவை. நெஞ்சு கரிப்புக்குப் பயந்து ரத்தசோகையை வரவழைத்துக்கொள்ளக் கூடாது. மாத்திரையை எந்த நேரத்தில் போட்டால் தொந்தரவு குறையும் என்று பின்னால் சொல்கிறேன்.

பாட்டி சொல்வதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். 2006-ல் அமெரிக்காவில் 64 கர்ப்பிணிகளை வைத்து இதைச் சோதித்தே பார்த்தார்கள். நெஞ்செரிச்சல் அதிகம் இருந்தவர்களின் குழந்தைகளுக்குத் தலைமுடியும் அதிகமாகத்தான் இருந்தது. ஆனால் முடி போய் நெஞ்சைக் கரிக்க வைக்கவில்லை. கர்ப்ப கால ஹார்மோன்கள் இரண்டையுமே தூண்டுகின்றன என்பதுதான் அந்த ஆய்வாளர்களின் யூகம். அதனால் பாட்டியோடு வாதாட வேண்டாம். ஆனால் ‘முடி முளைக்கிறது, அப்படித்தான் இருக்கும்’ என்று பொறுத்துக்கொண்டு தூக்கத்தைத் தொலைக்கவும் வேண்டாம்.

உள்ளே நடப்பது இதுதான். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. சாப்பாடு இறங்கியதும் அது இறுகி, அமிலம் மேலே வராமல் தடுக்கும். கர்ப்பத்தில் கூடுதலாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரான் கர்ப்பப்பைத் தசைகளைத் தளர்த்தி வைத்திருக்கிறது. குழந்தைக்கு அது அவசியம். அதே ஹார்மோன் இந்த வளையத்தையும் தளர்த்திவிடுகிறது. செரிமானமும் மந்தமாகிறது. ஏழாம் மாதத்துக்கு மேல் வளரும் கர்ப்பப்பை இரைப்பையைக் கீழிருந்து மேலே நெருக்குகிறது. இந்த நிலையில் வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் தொண்டைக்கு வராமல் என்ன செய்யும்? பெரும்பாலானவர்களுக்குப் பிரசவமானதும் இது தானாகவே போய்விடும்.

ஆகவே, குடிக்கிற தண்ணீரை மாற்றுவதைவிடச் சாப்பிடும் நேரத்தையும் அளவையும் மாற்றுவதுதான் கை கொடுக்கும். நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? நம் வீடுகளில் சீரியல் முடிந்து, எல்லாரும் வந்து சேர்ந்து, தட்டு வைக்கும்போது ஒன்பதரை ஆகிவிடும். பத்து மணிக்குப் படுக்கை. உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் முதலில் மாற்ற வேண்டியது அதுதான். ஏழு மணிக்கே உங்களுக்கு மட்டும் தட்டு வைக்கச் சொல்லுங்கள். இரண்டு இட்லி, இல்லையென்றால் இடியாப்பம், இல்லையென்றால் குழைய வடித்த சாதத்தில் பருப்பு. படுப்பதற்கு முன் இரண்டரை, மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்க வேண்டும். அதற்குள் பசித்தால் பாதித் தம்ளர் ஆடை நீக்கிய பால் குடிக்கலாம். கர்ப்பிணி மட்டும் தனியாக முன்னால் சாப்பிடுவதா என்று அம்மா சங்கடப்படலாம். இன்னும் இரண்டு மாதம்தான், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்’ என்று அம்மா தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி வைப்பது அன்பினால்தான், புரிகிறது. ஆனால் கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 350 கலோரி என்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. சாம்பாரோடு இரண்டு இட்லி, ஒரு தம்ளர் பால் என்றாலே ஏறத்தாழ அந்தக் கணக்கு வந்துவிடும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்து, ஆறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு நடுவில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்காமல் இடைப்பட்ட நேரங்களில் குடியுங்கள். வளைகாப்புக்குக் கிண்டிய புளியோதரை மிச்சம் இருந்ததா? புளி, மிளகாய், நல்லெண்ணெய் மூன்றும் சேர்ந்த அது, கரிப்பு இருப்பவர்களைப் படுத்தும். ஆசைப்பட்டால் மதியம் இரண்டு கவளம். ராத்திரி வேண்டவே வேண்டாம். வடை, பஜ்ஜி, காரக்குழம்பு, தக்காளித் தொக்கு, புதினா மிட்டாய், சாக்லேட் இவையும் சிலருக்கு ஆகாது. எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் விட்டால் போதும். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ரசம் சாதத்தில் நாளைக் கடத்தாதீர்கள். காபி நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. வெறும் வயிற்றில் வேண்டாம்.

அப்புறம் படுக்கை. தலையணையை இரண்டு மூன்றாக அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறும் அமுங்கும். கட்டிலில் படுப்பதாக இருந்தால் தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல் வையுங்கள். ஆறு அங்குலம் உயர்ந்தால் போதும். ஆடாமல் நிற்கிறதா என்று யாரையாவது உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டுப் படுங்கள். பாயில் படுக்கிறவர் என்றால் பழைய போர்வைகளையும் புடவைகளையும் மடித்து, இடுப்பிலிருந்து தலை வரை சரிவாக வரும்படி அடியில் பரப்பிக்கொள்ளலாம். இடது பக்கமாகத் திரும்பிப் படுங்கள். இரைப்பை உடம்பின் இடது பக்கம் இருப்பதால் அமிலம் கீழே தங்கும், உணவுக்குழாயின் வாய் அதற்கு மேலே இருக்கும். வலது பக்கம் படுத்தால் இது தலைகீழாகிவிடும். இந்த மாதங்களில் மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுப்பது குழந்தைக்குப் போகும் ரத்த ஓட்டத்துக்கும் நல்லது.

இனி அம்மாவின் வைத்தியங்கள். ஒரு டீஸ்பூன் சீரகத்தை அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக அவ்வப்போது குடியுங்கள், கெடுதல் இல்லை. நகக்கண் அளவு இஞ்சி தட்டிப் போட்ட டீயும் சரிதான். இஞ்சி அதிகமானால் அதுவே கரிக்கும். புளிக்காத மோரில் உப்பும் கறிவேப்பிலையும் போட்டு மதியம் குடிக்கலாம். ரசத்தில் போடும் பெருங்காயம், முறுக்கில் போடும் ஓமம் இவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் ஓமத்தைக் கெட்டியாகக் காய்ச்சித் தினமும் குடிப்பதும், பெருங்காயத்தை வெல்லத்தில் உருட்டி விழுங்குவதும், வசம்பு உரைத்துக் குடிப்பதும் வேறு விஷயம். சமையல் அளவைத் தாண்டி மருந்தாக எடுக்கும்போது கர்ப்பிணிக்கு இவை வேண்டாம். மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய் கொடுக்க யாராவது வந்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அது பிரசவ வலியைத் தூண்டக்கூடியது. கீரை, வாழைத்தண்டு, கொய்யாப்பழம், போதுமான தண்ணீர் இவையே பெரும்பாலும் சமாளித்துவிடும்.

இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒன்று, ஆப்ப சோடா. ஒரு டீஸ்பூனில் ஏறத்தாழ 1,250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுக்கவே 2,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏற்கெனவே கால் வீங்கும் மாதத்தில் இது உடம்பில் நீரை இன்னும் தேக்கும். கடையில் விற்கும் நுரைத்துப் பொங்கும் உப்புப் பொடிகளிலும் இதே சரக்குதான் இருக்கிறது. இரண்டாவது, அதிமதுரம். தொண்டைக்கும் வயிற்றுக்கும் இதமானது என்று பெயர் வாங்கிய வேர்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிலுள்ள கிளைசிரைசின் ரத்த அழுத்தத்தைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியது. அந்தப் பொடியை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். அரசு மருத்துவமனையில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு தம்ளர் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். டீ, காபியோடு போட்டால் சத்து உடம்பில் சேராது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டால் இரண்டும் மோதிக்கொள்ளாது. மலம் கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயப்பட வேண்டாம். அப்படியும் குமட்டல் தாங்கவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். வேறு வகை மாத்திரை மாற்றித் தருவார்கள். இவ்வளவும் செய்தும் கரிப்பு நிற்காவிட்டால் கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பான ஆன்டாசிட் மருந்துகள் இருக்கின்றன. மருந்துக் கடையில் நேராக வாங்காமல், நீங்கள் போகும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அந்த மருந்துக்கும் இரும்பு மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை வீட்டில் எல்லாரும் படிக்க வேண்டும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மேல்வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழோ விடாமல் வலித்தால், அதை ‘வாயு’ என்று முடிவு கட்டிக் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காதீர்கள். அதோடு தலைவலி, கண் மங்கல், முகமும் கைகளும் வீங்குவது, ஓயாத வாந்தி என்று ஏதாவது சேர்ந்தால், ராத்திரி எத்தனை மணியானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்த அழுத்தம் ஏறிக் கல்லீரல் பாதிக்கப்படும்போதும் இதே இடத்தில்தான் வலிக்கும். அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய நிலை. வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, உங்கள் அம்மா. தினமும் உப்புசம் என்று வருஷக்கணக்கில் ஆப்ப சோடா குடிப்பவருக்கு ஒரு பரிசோதனை தேவைப்படுகிறது. முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கிப் போடுகிறாரா என்று கேளுங்கள். வலி மாத்திரைகளே இரைப்பையைப் புண்ணாக்கும்; அதைத் தீர்க்காமல் ஓமத் தண்ணீர் குடித்துப் பயனில்லை. இரும்பு மாத்திரை போடாதவருக்கு மலம் தார் போலக் கறுத்துப் போனால், உடம்பு இளைத்தால், சாப்பாடு தொண்டையில் சிக்கினால் தள்ளிப்போடவே கூடாது. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சு அடைத்து வியர்த்தால், அவருக்கு சோடா வாங்கிக் கொடுத்து உட்காரவைக்காதீர்கள், அப்போதும் 108-தான். உங்கள் அடுத்த மாதப் பரிசோதனைக்கு அம்மாவும் உங்களோடு வருவார் அல்லவா? அன்றைக்கே அவருக்கும் ஒரு சீட்டு போட்டுவிடுங்கள்.