மிக்சிங் படிக்கட்டுமா? முதலில் அறையைக் கவனியுங்கள்

எஸ்பிஎம் (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த மகன், பதிவான குரலையும் இசையையும் அளவாகக் கலக்கும் மிக்சிங்தான் தொழில் என்கிறான், நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் விலையுயர்ந்த கண்டென்சர் மைக் கேட்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. அந்த மைக்கை இப்போது வாங்க வேண்டாம்.

ஆயர் ஈத்தாமில் உள்ள உங்கள் அடுக்குமாடி வீட்டில் அது மின்விசிறி, பக்கத்து வீட்டு டிவி, கீழே போகும் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். சுற்றுச் சத்தத்தை அவ்வளவாகப் பிடிக்காத ஒரு டைனமிக் மைக், அதைக் கணினியோடு இணைக்க இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் போதும். கணினிக்கு 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி இருக்கட்டும். பதிவுக்கும் மிக்சிங்குக்கும் உதவும் ரீப்பர் மென்பொருளை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். மைக்குக்குப் பின்னால் ஸ்பாஞ்சு ஒட்டுகிறவர்கள்தாம் அதிகம். ஆனால் மைக் பார்ப்பது பாடுபவருக்குப் பின்னால் உள்ள சுவரை. தடித்த கம்பளியை அங்கே தொங்கவிடச் சொல்லுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் அரைச் சாண் போதும்.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சத்தில் பாடும்போதும் மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டக்கூடாது. பூஜ்யத்தைத் தொட்டு வெட்டுப்பட்ட குரலைப் பிறகு முழுதாக மீட்க முடியாது. பாடும்போது பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) 128. அதையே 1024 ஆக வைத்தால் அந்த ஒரு கட்டத்திலேயே 21 மில்லி செகண்ட் தாமதம், தன் குரல் பிந்திக் கேட்டுத் தாளம் தடுமாறும். மிக்சிங்கில் 1024 வைக்கலாம், அப்போதுதான் கணினி திணறாது. சின்ன அறையில் பேஸ் என்னும் அடித்தொனி ஏமாற்றும்: அங்கே கனமாகக் கேட்ட உறுமி காரில் காணாமல் போகும், அல்லது காரையே அதிர வைக்கும். அதனால் ஒவ்வொரு மிக்சையும் கார், கைப்பேசி இரண்டிலும் கேட்டுப் பார்க்கட்டும்.

மூன்று மாதம் கொடுங்கள். பத்து டிராக் (தனித்தனியாகப் பதிவான குரல், கருவி) உள்ள ஒரு பாட்டு, இரண்டு நிமிட விளம்பரக் குரல், வேறொருவர் பாடி அனுப்பிய ஒரு பாட்டு. மூன்றும் முடிந்திருக்க வேண்டும். பாதியில் நிற்கும் நாற்பது பாட்டு கணக்கில் வராது. டிராக்குகளுக்குப் பெயர் இருக்கிறதா, வேறொரு டிஸ்கில் நகல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இசை தெரியாத உங்களாலும் இதைச் சோதிக்க முடியும். விளம்பரக் குரலை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். பாட்டு மிக்சிங்கை மட்டும் நம்பி மாதச் செலவை ஓட்டுவது கடினம். மூச்சுச் சத்தம் குறைத்து, இரைச்சல் நீக்கிப் பேச்சைச் சுத்தமாகத் தருபவருக்கு வானொலி, டப்பிங், பாட்காஸ்ட் என்று பல வாசல் உண்டு.

தேறினால் டிப்ளோமா. பொதுவாக எஸ்பிஎம்மில் மூன்று கிரெடிட் கேட்பார்கள். கல்லூரி விளம்பரத்தை நம்பிவிடாமல், அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயர் எம்கியூஏ என்ற மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடுங்கள். பிடிபிடிஎன் (அரசின் உயர்கல்விக் கடன் நிதி) கடனுக்கும் அந்த அங்கீகாரம் தேவை. குறுகிய காலச் சான்றிதழ் வகுப்புக்குக் கடன் கிடைக்கும் என்று யாராவது வாயால் சொன்னால், எழுத்தில் கேளுங்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது மகனையும் அழைத்துப் போய், ஒரு மாணவனுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஸ்டூடியோ கிடைக்கும் என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள்.