பழைய மலாயா வழக்குகளில் வரும் ‘பியூனி ஜட்ஜ்’ என்பதற்கு என்ன பொருள்?

பிரிட்டிஷ் காலத்து மலாயா வழக்கு ஒன்றில் நீதிபதியின் பெயரோடு ‘பியூனி ஜட்ஜ்’ என்றிருப்பதைப் பார்த்து, நோஞ்சான் என்று பொருள்படும் சொல்லை நீதிபதிக்கு எப்படிச் சூட்டினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்நிலை நீதிமன்றத்தில் தலைமைப் பதவி வகிக்காத மற்ற நீதிபதிகளையே அச்சொல் குறிக்கிறது. அவர்கள் வழங்கும் தீர்ப்பின் வலிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சட்டம் படிக்கும் மாணவி ஒருவர், பி, யு, ஐ, எஸ், என், இ என்று எழுதப்படும் இச்சொல்லை ‘புயிஸ்னே’ என்று எழுத்துக்கூட்டி வாசித்தார். பழைய பிரெஞ்சு வடிவத்துக்கு அந்த வாசிப்பு மிக நெருக்கமானது என்பதே இதில் சுவையான செய்தி. ‘புயிஸ்’ என்றால் பிறகு, ‘னே’ என்றால் பிறந்த. இரண்டும் லத்தீன் வழி வந்தவை. 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அங்கு வேரூன்றிய பிரெஞ்சு, வழக்காடலை ஆங்கிலத்தில் நடத்தும்படி 1362இல் சட்டம் வந்த பிறகும் வழக்கறிஞர் குறிப்புகளில் நெடுங்காலம் நிலைத்தது. வாரிசுரிமை வழக்குகளில் மூத்த மகனை ‘ஐன்’ என்றும் இளையவனைப் ‘பியூனி’ என்றும் குறித்தார்கள். முன்பிறந்தவனைத் தம்முன் என்றும் பின்பிறந்தவனைத் தம்பி என்றும் சொல்லும் நமக்கு இந்த இணை அந்நியமாகவே தோன்றாது.

நோஞ்சான் என்ற பொருள் பிறகு வந்தது. பேச்சில் ஒலித்தபடியே பி, யு, என், ஒய் என்று 16ஆம் நூற்றாண்டில் எழுதத் தொடங்கிய வடிவம், முதலில் இளையவர், அனுபவம் குறைந்தவர் என்று பொருள்பட்டு, நாளடைவில் மெலிந்தவர், வலுவற்றவர் என்று தேய்ந்தது. நீதிமன்றமோ பழைய எழுத்தையும் பழைய பொருளையும் விடாமல் காத்துக்கொண்டது. அந்தப் பிடிவாதத்தை நான் மனமார மதிக்கிறேன்.

சொல் இன்றும் வழக்கில் உள்ளது. கனடாவின் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியைத் தவிர்த்த 8 பேரும் பியூனி நீதிபதிகளே. இங்கிலாந்தின் நிலச் சட்டத்தில் ‘பியூனி மார்ட்கேஜ்’ என்பது, மூலப் பத்திரத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளாமல் கொடுத்த கடனுக்கான அடமானம். பத்திரம் பெரும்பாலும் முதலில் கடன் கொடுத்தவரிடம் சென்றுவிடுவதால், அடுத்துக் கொடுப்பவரின் அடமானத்துக்கு இந்தப் பெயர் பொருந்திவிடுகிறது. தமிழில் எழுதும்போது ‘இளைய நீதிபதி’ என்று பெயர்த்தால் வயதைச் சொல்வதாகிவிடும். ‘தலைமை நீதிபதி அல்லாத உயர்நிலை நீதிமன்ற நீதிபதி’ என்று விரித்து எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன்.