200 விண்ணப்பம், 3 அழைப்பு: எங்கே அடைக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 24. பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. 200 இடங்களுக்காவது விண்ணப்பித்திருப்பேன், மூன்று இடத்தில்தான் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள், எதுவும் அமையவில்லை. எந்தத் துறை எனக்குச் சரிவரும் என்றே தெரியவில்லை. நடுவில் 8 மாதம் உறவினர் கடையில் கணக்கும் சரக்கும் பார்த்துக்கொண்டேன், அதெல்லாம் வேலை என்று கணக்கில் வராது. வீட்டில் பேச்சு வாங்கி வாங்கி இப்போது பகலெல்லாம் தூங்குகிறேன். ஆறு மாத கோர்ஸ் ஒன்றில் பணம் கட்டிச் சேரலாமா?

பதில்: கோர்ஸ் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நீங்கள் கொடுத்த எண்களையே பார்ப்போம். 200 விண்ணப்பத்துக்கு 3 அழைப்பு என்றால் அடைப்பு எங்கே என்று அதுவே சொல்லிவிடுகிறது. நாற்பது இடத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தும் ஒன்றும் அமையவில்லை என்றால் பேசுவதில் ஏதோ கோளாறு என்று சொல்லலாம், நீங்கள் இன்னும் அந்தக் கட்டத்துக்கே வரவில்லை. ஆக, கோளாறு ரெஸ்யூமேயில் இருக்கிறது, அல்லது அதை அனுப்புகிற இடத்தில். இன்டர்வியூ பயிற்சி வீடியோக்களைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள்.

ஆள் எடுக்கிற மேசைக்கு அந்தப் பக்கம் சில வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எல்லா இடத்துக்கும் அனுப்பிய ஒரே ரெஸ்யூமே பார்த்த உடனே தெரிந்துவிடும். போதாததற்கு, பெரிய நிறுவனங்களில் விண்ணப்பம் முதலில் ஒரு மென்பொருளுக்குள் போய் விழுகிறது. அதில் ஹெச்ஆர் தேடுகிற சொற்கள் பெரும்பாலும் விளம்பரத்தில் இருக்கிற அதே சொற்கள்தான், அவை உங்கள் ரெஸ்யூமேயில் இல்லை என்றால் நீங்கள் அந்தத் தேடலில் வரவே மாட்டீர்கள். பக்கத்தை இடது வலது என இரண்டாகப் பிரித்து, கட்டம், படம் என்று அழகுபடுத்திய டிசைன்களையும் சில மென்பொருள்கள் தப்பும் தவறுமாகப் படிக்கும். பக்கத்தைப் பிரிக்காமல் மேலிருந்து கீழே ஒரே வரிசை, சாதாரண எழுத்து, ஒரு பக்கம் போதும். வாரத்துக்கு 30 அனுப்புகிறீர்களா? எட்டாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் அந்தந்த விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தி அனுப்புங்கள். பொய் சேர்க்கச் சொல்லவில்லை, செய்ததை அவர்கள் சொல்லால் சொல்லச் சொல்கிறேன்.

சரி, அந்த 8 மாதம். உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான், அதைப் போய் கணக்கில் வராது என்கிறீர்கள்! கடையில் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஒரு மாதிரி காட்டுகிறேன். 'கடின உழைப்பாளி, பொறுப்பானவர், குழுவாக வேலை செய்வேன்' என்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், எல்லோரும் எழுதுகிறார்கள். 'சில்லறைக் கடையில் 8 மாதம் சரக்கு இருப்பும் தினக் கணக்கும் பார்த்தேன். நோட்டில் இருந்த சுமார் 400 பொருட்களின் பட்டியலை எக்செல்லுக்கு மாற்றினேன். மாதக் கடைசி சரக்குச் சரிபார்ப்பு இரண்டு நாளிலிருந்து அரை நாளானது.' இப்படி எழுதினால் படிப்பவர் நின்று கேள்வி கேட்பார். சம்பளம் வாங்கவில்லை, உறவுக்காரர் கடைதான் என்பதெல்லாம் பிரச்சினையே இல்லை. இரண்டு வருடம் என்ன செய்தாய் என்ற கேள்விக்கும் இதுவே பதில். இன்டர்வியூவில் இதையே நான்கு படியாகச் சொல்லுங்கள்: நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன மாறியது.

அடுத்து, எந்தத் துறை என்ற குழப்பம். ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் வேலைகளையும் மனிதர்களையும் ஆறு வகையாகப் பிரித்துக் காட்டினார், எந்த வேலையில் ஆர்வம் என்று கண்டறியும் இன்றைய தேர்வுகள் பலவும் அந்த அடிப்படையில் வந்தவை. ஒரு தடவை எழுதிப் பாருங்கள், ஆனால் அதை ஜாதகம் மாதிரி நம்ப வேண்டாம். எனக்கு அதைவிட நம்பிக்கையான வழி ஒன்று உண்டு. 20 வேலை விளம்பரங்களை எடுத்துப் பதவிப் பெயரை அடித்துவிட்டு, கீழே இருக்கும் அன்றாட வேலைகளை மட்டும் படியுங்கள். 'இதை வாரம் ஐந்து நாள் செய்ய முடியும்' என்று தோன்றுவதில் ஒரு டிக் போடுங்கள். எங்கே டிக் குவிகிறதோ அந்தப் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் இரண்டு மூன்று பேரைப் பிடித்து 15 நிமிடம் கேளுங்கள். 'வேலை இருக்கிறதா' என்று கேட்டால் ஆள் நழுவிவிடுவார். 'நேற்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள், மனிதர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேச அலுப்பதில்லை.

யாரைப் பிடிப்பது? நெருங்கிய நண்பர்களை விட்டுத் தள்ளி யோசியுங்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் வெறும் 16.7 சதவீதத்தினர்தான் அந்த நபரை அடிக்கடி சந்திப்பவர்களாக இருந்தார்கள். எப்போதாவது சந்திப்பவர்கள் 55.6 சதவீதம், அபூர்வமாகச் சந்திப்பவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், தூரத்துப் பழக்கத்துக்குத்தான் புதுச் செய்தி தெரியும். கூடப் படித்து நாலு வருடமாகப் பேசாமல் இருப்பவருக்கு ஒரு மெசேஜ் போடக் கூச்சமாக இருக்கும்தான், போடுங்கள்.

பகல் தூக்கத்துக்காக உங்களைத் திட்டப் போவதில்லை. 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மரியென்தால் என்ற சிற்றூரில் ஆலை மூடிய பிறகு சமூக உளவியலாளர் மரீ யஹோடாவும் சகாக்களும் போய்ப் பார்த்தபோது, நேரம் தாராளமாக இருந்தும், நூலகக் கட்டணத்தையே எடுத்துவிட்டும், புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்திருந்தது. வேலை போனால் நாளுக்கு இருக்கிற எலும்புக்கூடே போய்விடுகிறது. அதனால் வேலை தேடுவதைக் காலையில் மூன்று மணி நேரம் என்று கட்டி வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் மனது எதிலும் ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் தாறுமாறு என்றால் மருத்துவரைப் பாருங்கள், ரெஸ்யூமே அப்புறம்.

இடையில் பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிச் செலவு என்று எந்தப் பெயரில் கேட்டாலும், வேலை தருகிறேன் என்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது கோர்ஸ். டிக் போட்ட அந்த விளம்பரங்களை மறுபடி எடுங்கள். அந்தச் சான்றிதழையோ திறமையையோ பாதிக்கு மேல் கேட்கின்றனவா என்று எண்ணுங்கள். கேட்கின்றன என்றால், முதலில் இலவசமாகக் கிடைக்கும் பாடத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்து பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், அங்கே படித்து முடித்த இரண்டு பேரிடம் இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். அந்த இரண்டு பேரை நீங்களே தேடிப் பிடியுங்கள், கோர்ஸ் நடத்துகிறவர் காட்டுகிற ஆட்கள் வேண்டாம்.